கந்தகத்துக்கு ஹைட்ரஜன் பிணைப்பு உண்டா?

(ராயக்கோட்டையில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஓசூர்த் தொழிற்சாலை ஊழியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். ஹைட்ரஜன் பிணைப்பு எந்தெந்தத் தனிமங்களோடு வரும் என்று கேட்டால், ஃப்ளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன் என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவீர்கள். உங்கள் அப்பா வேதியியல் படித்தவராக இருந்தால் அவரும் அதையேதான் சொல்வார். அந்த மூன்று பெயரும் சரிதான். ஆனால் அதோடு பட்டியல் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோமே, அங்கேதான் சிக்கல். அந்தச் சிக்கலை அவிழ்ப்பதில் தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு தமிழரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பேராசிரியர் இ. அருணன். 1997 முதல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தவர். இங்கிருந்து ரயில் ஏறி ஓசூர் தாண்டினால் பெங்களூரு. நூறு கிலோமீட்டருக்குள் நடந்திருக்கிற வேலை, நம் பிள்ளைகள் காதுக்கு வந்து சேரவில்லை.

அவருடைய துறையின் பெயர் கொஞ்சம் பயமுறுத்தும்: மூலக்கூறுக் கொத்துகளின் நிறமாலையியல். இரண்டு, மூன்று, நான்கு மூலக்கூறுகள் மட்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதைத்தான் கொத்து என்கிறோம். அந்தக் கொத்தின் வடிவம் என்ன, யார் யாரை எந்தப் பக்கமாகப் பிடித்திருக்கிறார்கள் என்று நுண்ணலைகளை வைத்துக் கண்டுபிடிப்பது இந்தத் துறை. இதனால் யாருக்கு என்ன லாபம் என்று பின்வரிசையில் ஒருவர் மனசுக்குள் கேட்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் தண்ணீர். ராயக்கோட்டை மண்டிக்கு வருகிற தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அதுதான். நாம் இருக்கும் இந்த மேட்டுநிலத்தில் காற்றழுத்தம் கொஞ்சம் குறைவு. ஓசூர்ப் பக்கம் உலையில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடற்கரையில் 100. தனிம வரிசை அட்டவணையில் ஆக்சிஜனுக்கு நேர் கீழே கந்தகம், அதற்குக் கீழே செலினியம், பிறகு டெல்லூரியம். இவற்றின் ஹைட்ரைடுகளின் கொதிநிலையைப் பாருங்கள். டெல்லூரியத்துக்கு ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரி, செலினியத்துக்கு மைனஸ் 41, கந்தகத்துக்கு மைனஸ் 60. இந்தக் கோட்டை அப்படியே மேலே நீட்டினால் தண்ணீர் மைனஸ் 80 டிகிரிவாக்கில் கொதித்திருக்க வேண்டும். காவிரியும் இல்லை, தென்பெண்ணையும் இல்லை, நாமும் இல்லை. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கிற பிடி, அதாவது ஹைட்ரஜன் பிணைப்பு, கொதிநிலையை 180 டிகிரி மேலே தூக்கி வைத்திருக்கிறது.

அடுத்து, அந்தக் கந்தக ஹைட்ரைடு. ஹைட்ரஜன் சல்ஃபைடு. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் மயங்கி விழுந்தார், தூக்கப் போனவரும் விழுந்தார் என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, விஷவாயு தாக்கி என்று போடுவார்களே, பெரும்பாலும் இதுதான். அழுகிய முட்டை நாற்றம். செறிவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போய்விடும். ஆள் சாவது அதனால்தான். மனிதரை அந்தத் தொட்டிக்குள் இறக்குவதைச் சட்டம் போட்டுத் தடுத்தும் இன்னும் நிற்கவில்லை. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

வடிவத்தில் தண்ணீரும் இந்த வாயுவும் அண்ணன் தம்பி. நடுவில் ஓர் அணு, இரண்டு பக்கமும் ஹைட்ரஜன். இருந்தும் இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு கிடையாது என்று பல தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, லைனஸ் பாலிங். 1939-இல் முதல் பதிப்பு வந்த, வேதிப்பிணைப்பு பற்றிய அவருடைய புத்தகத்தை வேதியியலாளர்கள் வேதம் போல வைத்திருந்தார்கள். அவர் காட்டிய காரணம் எளிமையானது. பனிக்கட்டிக்குள் ஒவ்வொரு நீர் மூலக்கூறையும் சுற்றி 4 பேர்தான் நிற்கிறார்கள். திசை பார்த்து, ஹைட்ரஜன் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே மட்டும். உறைந்த ஹைட்ரஜன் சல்ஃபைடில் ஒவ்வொன்றையும் சுற்றி 12 பேர். உருண்டைகளை நெருக்கி அடுக்கினால் என்ன எண்ணிக்கை வருமோ அதே எண்ணிக்கை. ஆக, இங்கே திசை இல்லை. திசை இல்லையென்றால் ஹைட்ரஜன் பிணைப்பும் இல்லை. வாதம் கச்சிதமாக இருக்கிறது. அதில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்படி ஒரு பட்டியல் சட்டமாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஜூன் சூட்டர் என்ற பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். நியூசிலாந்துக்காரர். லண்டனில் படிகங்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தவர். 1962-63-இல் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சில படிகங்களில் கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை நோக்கி, இருக்க வேண்டியதைவிட நெருக்கமாக இருக்கிறது. இதுவும் ஹைட்ரஜன் பிணைப்புதான் என்று எழுதினார். கார்பன் பட்டியலில் இல்லையே! 1968-இல் ஜெர்ரி டோனஹ்யூ என்ற பெரிய படிகவியலாளர் அதை ஒரேயடியாக மறுத்து எழுதினார். அதோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. 1982-இல் கேம்பிரிட்ஜில் டெய்லரும் ஓல்கா கென்னார்டும், அதற்குள் சேர்ந்துவிட்ட நியூட்ரான் விளிம்பு விலகல் தரவுகளை அலசிப் பார்த்தபோதுதான் சூட்டர் சொன்னது சரி என்று நிலைநாட்டினார்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகள். நம் சென்னையில் ஜி.என். ராமச்சந்திரன் குழுவும் 1960களில் கொலாஜன் போன்ற இழைகளில் கார்பன்-ஹைட்ரஜன்-ஆக்சிஜன் பிணைப்பு இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நம் தோலையும் எலும்பையும் தாங்கும் புரதத்தைப் பற்றிய பேச்சு அது. அன்றைக்கு அதைக் காதில் போட்டுக்கொண்டவர்கள் குறைவு.

படிகத்தை வைத்துப் பேசுவதில் ஒரு தொல்லை உண்டு. அங்கே கோடிக்கணக்கான மூலக்கூறுகள் நாலாபக்கமும் நெருக்குகின்றன. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது பிடித்துப்போயா, இடநெருக்கடியாலா என்று எப்படிச் சொல்வது? சந்தேகத்துக்கு இடமில்லாமல் அறிய வேண்டுமென்றால் இரண்டே இரண்டு மூலக்கூறுகளைத் தனியாகப் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும். அறை வெப்பத்தில் அது நடக்காது. வெப்பத்தின் உலுக்கலில் இரண்டும் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆகவே முழுப் பூஜ்யத்துக்கு மேலே சில டிகிரிவரை, அதாவது மைனஸ் 270 டிகிரி வரை குளிர வைக்க வேண்டும். அதே சமயம் அவை உறைந்து சுவரில் படியவும் கூடாது. வாயுவாகவே இருக்க வேண்டும். நடக்கிற காரியமா?

நடந்தது. டிவிஎஸ்ஸில் வேலை பார்க்கும் தம்பிகள் இங்கே இருப்பீர்கள். பிஎஸ்-6 வண்டி வந்ததிலிருந்து கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். மின்காந்தச் சுருளுக்கு ஒரு துடிப்பு கொடுத்தால் ஊசி எழும்பும், மில்லி செகண்ட் கணக்கில் திறந்து மூடும், பெட்ரோல் பீச்சும். இந்த ஆய்வுக் கருவியின் இதயமும் அதே ஜாதி வால்வுதான். பெட்ரோலுக்குப் பதிலாக ஆர்கான் வாயு. அதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு நாம் ஆராய வேண்டிய பொருள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை வழியே இந்தக் கலவை பெரிய வெற்றிட அறைக்குள் பாயும். பாயும்போது ஆர்கானின் தாறுமாறான வெப்ப ஓட்டமெல்லாம் ஒரே திசையிலான ஓட்டமாக மாறிவிடுகிறது. தாரை வினாடிக்கு ஏறத்தாழ 550 மீட்டர் வேகத்தில் போகும். ஆனால் அதோடு கூடவே பயணம் செய்து பார்த்தால் மூலக்கூறுகளுக்கிடையே சலசலப்பே இருக்காது. சலசலப்பு இல்லையென்றால் குளிர். அந்தக் குளிரில், மோதிக்கொண்ட மூலக்கூறுகள் ஒட்டியது ஒட்டியபடி நிற்கும். அறையின் அடுத்த சுவரை எட்ட அவற்றுக்கு ஒரு மில்லி செகண்ட் ஆகிறது. அதற்குள் நம் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

அறைக்குள் எதிரெதிரே இரண்டு குழியாடிகள். அலுமினியத்தில் கடைந்து மெருகேற்றியவை. ஒன்றை மோட்டார் வைத்து நகர்த்தி, ஆடிகளுக்கு நடுவே குறிப்பிட்ட அதிர்வெண் மட்டும் ஒத்ததிர்வாக நிற்கும்படி செய்வார்கள். பிறகு ஒரு மைக்ரோ செகண்ட் அளவுக்கு நுண்ணலைத் துடிப்பு. சுழன்றுகொண்டிருக்கும் கொத்துகளுக்கு அந்த அதிர்வெண் பொருந்தினால் அத்தனையும் ஒரே தாளத்தில் சுழலத் தொடங்கும். துடிப்பை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தால், அவை தாமே திருப்பி அனுப்பும் மெல்லிய சமிக்ஞை சில நூறு மைக்ரோ செகண்டுகள் கேட்கும். அந்தச் சமிக்ஞையின் அதிர்வெண்ணை ஒரு கோடியில் ஒரு பங்குத் துல்லியத்தில் படிக்கலாம். ஒரு தடவை போதாது. வினாடிக்குச் சில தடவை வீதம் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். அப்போதும் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும். கணக்குப் போட்டு ஓர் உத்தேசம் வைத்துக்கொண்டு, ஆடியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரவெல்லாம் தேடி, ஒன்றும் சிக்காமல் விடிந்துபோகிற வேலை இது. வெற்றிடத்தில் ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் போச்சு. ஹீலியம் லீக் டெஸ்ட் செய்கிறவர்களுக்கு இந்த வலி புரியும்.

சுழற்சி வேகத்திலிருந்து வடிவம் எப்படி வருகிறது? நிறை அச்சிலிருந்து எட்டிப் போகப் போக நிலைமத் திருப்புத்திறன் கூடும், சுழற்சி அதிர்வெண்கள் இறங்கும். ஆகவே அதிர்வெண் தெரிந்தால் அணுக்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று கணக்கிடலாம். எந்த ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது என்பதற்கு, அதை எடுத்துவிட்டு டியூட்டீரியத்தை வைப்பார்கள். எடை மாறும், அதிர்வெண் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்பது அந்த அணுவின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 1970களில் டைக், முயென்டர் முதலியோர் மூலக்கூறுத் தாரையை வைத்து நீர் இணையின் வடிவத்தை இதே வழியில் கண்டார்கள். ஒரு நீரின் ஹைட்ரஜன் நேராக மற்ற நீரின் ஆக்சிஜனைப் பார்த்து நிற்கிறது. இரண்டு ஆக்சிஜன்களுக்கும் இடையே 2.98 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு.

துடிப்பு வால்வையும் ஆடிகளையும் ஒன்றுசேர்த்த கருவியை 1979 முதல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், அர்பானாவில் உருவாக்கியவர் வில்லியம் ஃப்ளைகர். அதன் பலனை முழுதாகப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1981-இல், 44 வயதில், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோயால் இறந்துபோனார். அதே துறையில் ஹெர்பர்ட் கட்டோவ்ஸ்கி என்ற மூத்தவர் இருந்தார். இன்று மருத்துவமனைகளில் எம்ஆர்ஐ எடுக்கிறோமே, அதற்கு அடிப்படையான அணுக்கரு காந்த ஒத்ததிர்வை வேதியியலுக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். உல்ஃப் பரிசு பெற்றவர். ஓய்வை யோசிக்கும் வயதில் அவர் தன் புகழ்பெற்ற துறையை விட்டுவிட்டு, இறந்துபோன இளைய சகாவின் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

அந்தக் கட்டோவ்ஸ்கியிடம்தான் அருணன் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டொனால்டு செட்சரிடம் முனைவர் பட்டம். அங்கே செய்தது வேறு வேலை, வேதிவினைகள் நடக்கும்போது வெளியாகும் அகச்சிவப்பு ஒளியைப் பற்றியது. அர்பானா வந்த பிறகுதான் கொத்துகள்.

அங்கே நடந்தவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பென்சீன் எல்லாருக்கும் தெரியும், அறுகோண வளையம். மின்முனைவு இல்லாத மூலக்கூறு. இரண்டு பென்சீன் சேர்ந்தால் எப்படி நிற்கும்? தட்டு மேல் தட்டு வைத்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். அப்படி நின்றால் நுண்ணலையில் எதுவும் தெரியாது. சமச்சீராக இருப்பதால் சமிக்ஞை வராது. 1975-இல் ஹார்வர்டில் கிளெம்பரர் குழு, இந்த இணைக்கு மின்முனைவு இருக்கிறது என்று காட்டி எல்லாரையும் அதிரவைத்தது.   முனைவு இருக்கிறது, சரி, ஆனால் வடிவம்? 1993-இல் அருணனும் கட்டோவ்ஸ்கியும் பென்சீன் இணையின் சுழற்சி நிறமாலையைப் பிடித்தார்கள். ஆங்கில டி எழுத்தின் வடிவம். ஒரு வளையத்தின் விளிம்பு, இன்னொரு வளையத்தின் நடுமுகத்தில் குத்தி நிற்கிறது. மையத்துக்கு மையம் 4.96 ஆங்ஸ்ட்ராம். விளிம்பில் இருப்பது என்ன? கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன். அது பார்த்து நிற்பது எதை? தனி அணு எதையும் அல்ல, வளையம் முழுக்கப் பரவிக் கிடக்கும் பை எலக்ட்ரான் மேகத்தை. பட்டியல்படி கொடுப்பவரும் தகுதியில்லாதவர், வாங்குபவரும் தகுதியில்லாதவர்!

அதே காலத்தில் பென்சீன்-நீர் கொத்தும் ஆராயப்பட்டது. கலிஃபோர்னியாவிலும் அர்பானாவிலுமாக. தண்ணீர் தன் ஹைட்ரஜன்களை பென்சீன் முகத்தை நோக்கி நீட்டி நிற்கிறது. பென்சீனோடு ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சேர்த்தபோது அதுவும் அப்படியே நின்றது. கந்தகம் முதன்முதலாகக் கண் சிமிட்டியது அங்கேதான் என்று சொல்வேன்.

1997-இல் அவர் பெங்களூரு வந்தார். வெளிநாட்டில் இருந்த கருவி வெளிநாட்டிலேயே இருக்கும். நம்மவர்களில் பலர் இந்த இடத்தில்தான் துறையை மாற்றிக்கொள்வார்கள். கணினிக் கணக்கீட்டுக்குப் போவார்கள், அல்லது கோடையில் மட்டும் விமானம் ஏறிப் பழைய ஆய்வகத்தில் அளந்துவிட்டு வருவார்கள். குறை சொல்லவில்லை, வேறு வழி இருந்ததில்லை. அருணன் கருவியையே இங்கே கட்ட உட்கார்ந்தார். வெற்றிட அறை, ஆடிகள், விரவல் பம்பு, நுண்ணலைச் சுற்றுகள், கட்டுப்பாட்டு மென்பொருள் என்று ஒவ்வொன்றாக. 2 முதல் 26.5 கிகா ஹெர்ட்ஸ் வரை படிக்கும் கருவி. 2002-இல் மாணவர்களோடு சேர்ந்து அதைப் பற்றிய கட்டுரை வெளியிட்டார். ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் ஓர் ஆய்வாளர் தொடர்ந்து கட்டுரை காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது இங்கே இருக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தெரியும். ஓசூரிலும் பெங்களூருவிலும் லேத் முன்னால் நிற்கும் கைகளுக்கு இருக்கும் திறமையும் நுண்ணலைத் தத்துவமும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் இப்படி ஒரு கருவி எழும்பும். நம் ஊர்ப்பக்கம் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கருவி எழும்பிய பிறகு இன்னொரு சுமையும் தோளில் ஏறியது. ஐயுபிஏசி என்ற பன்னாட்டு வேதியியல் ஒன்றியம், ஹைட்ரஜன் பிணைப்புக்குப் புது வரையறை எழுத 2004-இல் ஒரு குழுவை அமைத்தது. தலைவர் அருணன். குழுவில் கௌதம் தேசிராஜு, பாவெல் ஹோப்சா, ஃப்ளைகருடன் முதல் கருவியில் வேலை செய்த ஆன்டனி லீகன் என்று மொத்தம் 14 பேர். கொள்கைக் கணக்கர்கள், படிகவியலாளர்கள், நிறமாலையியலாளர்கள். ஒவ்வொருவருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு வேறு வேறு முகம் காட்டியிருந்தது. 2005-இல் இத்தாலியின் பீசா நகரில் கூடிப் பேசினார்கள். 2011-இல்தான் முடிந்தது. சில வரி வரையறைக்கு ஏழு ஆண்டுகளா என்று கேட்பீர்கள். நம் ஊரில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு ஆகும் காலத்தை நினைத்தால் இது வேகம்தான்.

அந்த வரையறையின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். ஓர் அணுவோடு பிணைந்த ஹைட்ரஜன் இருக்க வேண்டும். அந்த அணு ஹைட்ரஜனைவிட எலக்ட்ரான் கவர்தன்மை கூடியதாக இருக்க வேண்டும். அந்த ஹைட்ரஜனுக்கும், அதே மூலக்கூறிலோ வேறு மூலக்கூறிலோ இருக்கும் இன்னோர் அணுவுக்கோ அணுத்தொகுதிக்கோ இடையில் ஈர்ப்பு இருக்க வேண்டும். பிணைப்பு உண்டானதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஃப்ளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன் என்ற பெயர்ப்பட்டியல் எங்கேயும் இல்லை. பாலிங் அளவுகோலில் ஹைட்ரஜனின் கவர்தன்மை 2.20, கார்பன் 2.55, கந்தகம் 2.58. இரண்டுக்கும் வாசல் திறந்தாயிற்று. வாங்கும் பக்கம் அணுத்தொகுதியும் இருக்கலாம் என்றதால் பென்சீனின் எலக்ட்ரான் மேகமும் உள்ளே வந்துவிட்டது.

ஆதாரம் என்றால் எப்படிப்பட்ட ஆதாரம் என்பதையும் கூடவே எழுதினார்கள். மூன்று அணுக்களும் நேர்கோட்டுக்கு நெருக்கமாக நிற்க வேண்டும், கோணம் 110 டிகிரிக்கு மேல் இருப்பது நல்லது. ஹைட்ரஜனின் பழைய பிணைப்பு சற்று நீண்டு, அகச்சிவப்பில் அதன் அதிர்வெண் பொதுவாக இறங்கும். சில இடங்களில் ஏறவும் செய்யும் என்று ஹோப்சா காட்டியிருந்ததால் அதற்கும் குறிப்பு போட்டார்கள். கடைசியாக ஒன்று, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது: சோதனையில் பிணைப்பு தென்பட வேண்டுமானால் அது உருவாகும் ஆற்றல் அந்த இடத்தின் வெப்ப ஆற்றலைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அதாவது ஒரு பிணைப்பு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியோடு, எந்த வெப்பநிலையில் என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டே வரும்.

பாலிங் வாதத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு மைனஸ் 85 டிகிரியில் உறைகிறது. உறைந்த பிறகும் மூலக்கூறுகள் நின்ற இடத்திலேயே உருண்டுகொண்டிருக்கின்றன. அதன் பிணைப்பு தண்ணீரின் பிணைப்பில் மூன்றில் ஒரு பங்கு பலம்தான் இருக்கும். அந்த வெப்பநிலையின் உலுக்கல் அதற்குத் தாங்காது. எக்ஸ் கதிருக்கு ஹைட்ரஜன் சரியாகத் தெரியவும் தெரியாது. உருளும் மூலக்கூறு அதற்கு உருண்டையாகத் தெரிந்தது. உருண்டைகளைச் சுற்றி 12 பேர் நிற்காமல் வேறு எத்தனை பேர் நிற்பார்கள்?

இதைத் தீர்க்க வழி ஒன்றுதான். இரண்டே இரண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு மூலக்கூறுகளைச் சில டிகிரி குளிரில் தனியே நிறுத்தி அளப்பது. அதன் நிறமாலை லேசில் பிடிபடாது. மூலக்கூறுகள் அந்தக் குளிரிலும் உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொள்வதால் ஒவ்வொரு கோடும் பிரிந்து பிரிந்து வரும், எது எதன் துணை என்று அடையாளம் காண்பதே பெரும்பாடு. பெங்களூரு மாணவர்கள் ஒரு தலைமுறை விட்டு இன்னொரு தலைமுறையாக அதைத் தொடர்ந்தார்கள். 2018-இல் ஆங்கவாண்டே கெமி என்ற இதழில் முடிவு வந்தது. இங்கிலாந்தின் நியூகாசிலில் இருக்கும் நிக் வாக்கர் குழுவும் சேர்ந்திருந்தது.  

விடை என்ன? நீர் இணையின் வடிவமேதான். ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் நேராக மற்றதன் கந்தகத்தைப் பார்த்து நிற்கிறது. கந்தகத்துக்குக் கந்தகம் நான்கு ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று மேலே. ஆக்சிஜனைவிடக் கந்தகம் பெரிய அணு, அதனால் தூரம் அதிகம், பிடி தளர்வு. ஆனால் அது ஹைட்ரஜன் பிணைப்புதான். தேவையான அளவுக்குக் குளிர்ந்த இடத்தில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவே.

இனி, லாபம் என்ன என்று நினைத்தவருக்கு. நம் உடம்பில் புரதங்களின் மடிப்பில் மெத்தியோனின், சிஸ்டீன் என்று கந்தகம் சுமந்த அமினோ அமிலங்கள் இருக்கின்றன. ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தின் குழிக்குள் போய் எந்தப் பக்கமாக ஒட்டும் என்று கணினியில் கணக்குப் போடும்போது, கந்தகத்துக்கு ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைப்பாடுகளும் இரண்டு வேறு விடைகளைத் தரும். அந்தக் கணக்குகளை உரசிப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். இரண்டு மூலக்கூறு மட்டும் இருக்கும் கொத்துதான் அந்த உரைகல். அங்கேயே தப்பு விடுகிற கணக்கு, ஆயிரம் அணுக்கள் உள்ள புரதத்தில் சரியாக வரும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. ஓசூர்ப் பக்கம் மருந்துத் துறையில் இருப்பவர்கள் இதை நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பள்ளிப்பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வில் ஃப்ளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன் என்றே எழுதுங்கள், மதிப்பெண்ணை இழக்க வேண்டாம். ஆனால் 2011-இல் உலகம் ஒப்புக்கொண்ட ஒரு வரையறை, ஒரு தமிழர் தலைமையில் எழுதப்பட்டது, நம் வகுப்பறைக்கு வர இத்தனை தாமதம் ஏன் என்று ஆசிரியர்கள் பாடநூல் குழுவிடம் கேட்கலாம். பலமான ஹைட்ரஜன் பிணைப்பு இந்த மூன்றோடு வரும், தளர்வானவை வேறு பலவற்றோடும் வரும் என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தாலே போதும்.

அருணன் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 2013-இல் அவரும் மாணவர் தேவேந்திர மணியும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெத்தனாலை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பனின் ஒரு பக்கம் ஆக்சிஜன் எலக்ட்ரானை இழுக்கிறது. அதற்கு நேர் எதிர்ப்பக்கம், மூன்று ஹைட்ரஜன்கள் விரிந்து நிற்கும் முகத்தின் நடுவில், சற்றே நேர்மின் தன்மை உண்டாகிறது. அங்கே தண்ணீரின் ஆக்சிஜன் வந்து கார்பனையே நேராகப் பிடிக்க முடியும் என்று கணக்கு காட்டியது. இதற்குக் கார்பன் பிணைப்பு என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே, அதே இந்திய அறிவியல் கழகத்தில் குரு ராவ் குழு, படிகங்களில் எலக்ட்ரான் அடர்த்தியை அளந்து இதற்குச் சோதனை ஆதாரம் இருப்பதாக எழுதியது.

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். இதற்குத் தனிப் பெயர் எதற்கு, கார்பன் இருக்கும் 14-ஆம் தொகுதி முழுவதற்கும் சேர்த்து டெட்ரல் பிணைப்பு என்று ஏற்கெனவே ஒரு பெயர் வந்திருக்கிறதே என்று ஒரு சாரார். அந்த ஈர்ப்பு வெறும் மின்நிலை ஈர்ப்பு, பிணைப்பு என்று சொல்லும் தகுதி அதற்கு இல்லை என்று இன்னொரு சாரார். இதற்கிடையில் ஐயுபிஏசி 2013-இல் ஹாலோஜன் பிணைப்புக்கும் 2019-இல் சால்கோஜன் பிணைப்புக்கும் தனித்தனி வரையறை வெளியிட்டுவிட்டது. இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பு வரையறையின் அச்சிலேயே வார்க்கப்பட்டவை: ஈர்ப்பைச் சொல்வது, பிறகு ஆதாரங்களை வரிசைப்படுத்துவது. என் கட்சியைக் கேட்டால், பெயர் எதுவானாலும் சரி, மெத்தனாலும் நீரும் அந்தக் கோலத்தில் நிற்பதை ஒரு சுழற்சி நிறமாலையில் பார்த்துவிட்டுப் பேசலாம் என்பேன். ஆனால் அதைப் பிடிப்பது கஷ்டம். மெத்தனாலுக்குத் தண்ணீரோடு சாதாரண ஹைட்ரஜன் பிணைப்பு போடும் வசதியும் இருக்கிறது. அது இதைவிடப் பலமானது. குளிர்ந்த தாரையில் பலமான பிடிதான் ஜெயிக்கும், தளர்ந்த பிடி ஏறத்தாழ காணாமலே போய்விடும்.

இப்போது பிள்ளைகள் கேளுங்கள். எட்டரை மணி வரை நேரம் இருக்கிறது.